விவியன் தாமஸ்: நீலக் குழந்தைகளின் இதயத்தை அளந்த கைகள்

1944 நவம்பர் 29. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 15 மாதப் பெண் குழந்தை ஒன்று அறுவை மேசையில் கிடத்தப்பட்டது. எடை ஏறத்தாழ 4 கிலோ. உதடுகளும் நகங்களும் நீலம் பாரித்திருந்தன. அறுவை செய்தவர் புகழ்பெற்ற மருத்துவர் ஆல்பிரட் பிளேலாக். அவருடைய வலது தோளுக்குப் பின்னால், சிறு படிப்பலகையொன்றின் மீது ஏறி நின்றபடி, தையல் எந்தத் திசையில் விழவேண்டும், இடைவெளி எவ்வளவு இருக்கவேண்டும் என்று அடிக்கடி எடுத்துரைத்துக்கொண்டிருந்தார் கறுப்பினத்தவர் ஒருவர். அவரிடம் மருத்துவப் பட்டம் இல்லை. கல்லூரியில் காலடி எடுத்துவைக்கவும் அவருக்கு வாய்க்கவில்லை. அவர் பெயர் விவியன் தாமஸ்.

அந்த அறுவையை நாய்களின் உடலில் மீண்டும் மீண்டும் செய்து, அது உயிரைக் காக்கும் என்று நிறுவியவர் தாமஸ். பிளேலாக் அதற்கு முன் அதில் ஒரேயொரு முறைதான் பங்கெடுத்திருந்தார். அதுவும் தாமசுக்கு உதவியாளராக. ஆனால் 1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்தச் சிகிச்சை பற்றிய கட்டுரை வெளியானபோது, அதில் இரண்டு பெயர்களே இருந்தன: பிளேலாக், ஹெலன் டௌசிக். தாமசின் பெயர் எங்கும் இல்லை.

இக்கதையை நாம் இன்று நினைவுகூர்வது ஒரு மேதைக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதற்காக அன்று. பிறவிக் குறைபாடுள்ள ஓர் இதயத்தை அறுவை மூலம் சரிசெய்தபின், அது எப்படி இயங்குகிறது என்று வாழ்நாள் முழுவதும் அளந்துகொண்டே இருக்கவேண்டும் என்பது மருத்துவம் கற்ற பாடம். அந்த அளவையின் தொடக்கக் காலத்தில் தாமசின் கைகள் இருந்தன. அவருடைய வாழ்க்கையை அதே கண்ணோடு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தச்சர் மகன்

விவியன் தாமஸ் 1910 ஆகஸ்ட் 29 அன்று லூசியானா மாநிலத்தில் பிறந்தார். தாத்தா தலைமுறை அடிமைத்தளையில் பிறந்தது. தந்தை தச்சர். குடும்பம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தது. இன ஒதுக்கல் சட்டங்கள் கோலோச்சிய அந்நகரில், கறுப்பின மாணவர்களுக்கான பேர்ல் உயர்நிலைப் பள்ளியில் 1929இல் படிப்பை முடித்தார். தந்தையிடம் கற்ற தச்சுவேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு கல்லூரிக்குச் சென்று, மருத்துவராகவேண்டும் என்பது அவர் கனவு. அதே ஆண்டு பங்குச்சந்தை சரிந்தது; தொடர்ந்து வங்கிகள் வீழ்ந்தன. அவருடைய சேமிப்பும் கரைந்தது.

1930 பிப்ரவரியில், வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளேலாக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். சில வாரங்களிலேயே அறுவை செய்யவும், இரத்தத்தைப் பகுப்பாய்வு செய்யவும், அளவுகளைப் பதிவு செய்யவும் கற்றுக்கொண்டார். செய்தது ஆய்வாளரின் வேலை. ஆனால் பல்கலைக்கழகத்தின் ஊதியப் பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர் என்றே குறிக்கப்பட்டிருந்தார். தற்செயலாக இதை அறிந்த தாமஸ், செய்யும் வேலைக்குரிய ஊதியம் வேண்டும் என்று கேட்டார். ஊதியம் உயர்ந்தது. வேலை ஒன்று, பதிவேட்டில் பெயர் வேறு என்னும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று. பட்டியல் சாதி ஊழியர்களின் பணிப் பதிவேடுகளைப் புரட்டிய எவரும் இதை உடனே அடையாளம் காண்பார்கள்.

அவருடைய அண்ணன் ஹெரால்ட் தாமஸ் பள்ளி ஆசிரியர். கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளையரைவிடக் குறைந்த ஊதியம் வழங்கிய நாஷ்வில் கல்வி வாரியத்தின் மீது அவர் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர்களுள் ஒருவர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். 1942இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஹெரால்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அண்ணன் நீதிமன்றத்தில் எழுப்பிய அதே கேள்வியைத் தம்பி ஆய்வகத்தில் எழுப்பினார் என்பதை நாம் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

வேண்டர்பில்டில் பிளேலாக்கும் தாமசும் சேர்ந்து செய்த ஆய்வுகள், காயமடைந்தவர்களுக்கு ஏற்படும் அதிர்ச்சி நிலைக்குக் காரணம் இரத்தமும் உடல்நீரும் இழக்கப்படுவதே என்று காட்டின. இரண்டாம் உலகப் போரில் எண்ணற்ற வீரர்களின் உயிரைக் காத்த அறிவு அது. இடையில் டெட்ராய்ட் நகரின் ஒரு பெரிய மருத்துவமனையில் பிளேலாக்குக்குப் பதவி காத்திருந்தது. அங்கே கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதில்லை என்பதால் தாமஸ் இல்லாமல் தான் வர இயலாது என்று பிளேலாக் மறுத்துவிட்டார். 1941இல் பிளேலாக் ஜான்ஸ் ஹாப்கின்சுக்கு அழைக்கப்பட்டபோது தாமசும் உடன் சென்றார். அங்கே கறுப்பின ஊழியர்கள் துப்புரவுப் பணியில்தான் இருந்தார்கள்; கழிப்பறைகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வெள்ளை மேலங்கி அணிந்த கறுப்பர் ஒருவர் நடைக்கூடத்தில் வந்தால் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

நீலத்தை அளத்தல்

குழந்தை இதய மருத்துவத்தின் முன்னோடி ஹெலன் டௌசிக். பெண் என்பதால் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டவர். கேட்கும் திறன் பெரிதும் குன்றியதால், இதயத்தின் முணுமுணுப்பை விரல் நுனிகளால் உணர்ந்தறியப் பழகியவர். 1943இல் அவர் பிளேலாக்கிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார்.

டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்பது நான்கு குறைகள் ஒன்றுசேர்ந்த பிறவி இதயக் கோளாறு. கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் வழியில் குறுக்கம். பெருந்தமனி அந்த ஓட்டைக்கு மேல் நகர்ந்து அமர்ந்திருத்தல். இவற்றின் விளைவாக வலது கீழறையின் தசை தடித்துப்போதல். நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போகாததால், ஆக்சிஜன் குறைந்த இரத்தமே உடலெங்கும் ஓடும். குழந்தை நீலம் பாரிக்கும். நான்கு அடி நடந்தால் மூச்சிரைத்துக் குந்தி உட்கார்ந்துவிடும். அன்று இதற்குச் சிகிச்சை இல்லை. நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் செல்ல மாற்றுவழி அமைக்க முடியுமா என்பதே டௌசிக்கின் கேள்வி.

விடை தேடும் பொறுப்பு தாமசிடம் விழுந்தது. முதலில் நாய்களிடம் அதே நீலத்தை உண்டாக்கவேண்டும். பிறகு அதைத் தீர்க்கவேண்டும். ஆக்சிஜன் ஏறாத இரத்தம் உடலுக்குள் கலக்கும்படி நுரையீரலில் மாற்றங்கள் செய்து அந்த நிலையை உருவாக்கினார். அதன்பின், கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார். ஏறத்தாழ 200 நாய்களில் இந்த வேலை நடந்தது. கடையில் கிடைத்த ஊசிகள் அவ்வளவு நுண்ணிய தையலுக்கு ஒத்துவராததால், அவற்றை வெட்டித் தாமே தீட்டிக்கொண்டார். உளியைத் தீட்டிப் பழகிய கை அது.

இங்கே கவனிக்கவேண்டியது அளவையின் இடம். இணைப்பு பிரியாமல் நிற்கிறதா என்பது முதல் கேள்விதான். இரத்தத்தில் ஆக்சிஜன் கூடியதா, கூடியது நிலைத்ததா என்பவை அடுத்த கேள்விகள். இவற்றுக்கு விடை கண்ணில் தெரியும் நிறத்தில் மட்டும் இல்லை. தமனியிலிருந்து இரத்தம் எடுத்து, ஆய்வகத்தில் ஆக்சிஜனை அளந்து, அறுவைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

மனிதர்களில் சிகிச்சை தொடங்கியபின் இந்தத் தேவை பலமடங்காயிற்று. 1945 பிப்ரவரியில் மூன்றாவது அறுவை. ஆறு வயதுச் சிறுவனின் தமனியிலிருந்து இடுக்கியை அகற்றியவுடன், அவன் உதடுகள் அறுவை மேசையிலேயே இயல்பு நிறத்துக்குத் திரும்பின. செய்தி பரவி, பல நாடுகளிலிருந்தும் குழந்தைகள் வந்து குவிந்தார்கள். அப்போது அங்கே இதயத்துக்கெனத் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. இதயத்துக்குள் கதீட்டர் குழாயைச் செலுத்தி அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் அளக்கும் ஆய்வகம் இன்னும் உருவாகவில்லை. தாமஸ்தான் வார்டுகளுக்கு ஓடி, அறுவைக்குக் காத்திருந்த குழந்தைகளின் தமனி இரத்தத்தை எடுத்தார். மாதிரியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அறுவை அறைக்குத் திரும்பினார். பிறகு ஆய்வகத்துக்குச் சென்று ஆக்சிஜனைக் கணக்கிட்டார். அடுத்த அறுவைக்குள் பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் மீண்டும் நின்றார்.

முதல் குழந்தை சில மாதங்கள் மட்டுமே உயிர் வாழ்ந்தது. நீலம் திரும்பியது, இரண்டாம் முறை அறுவை செய்தும் காப்பாற்ற இயலவில்லை. அந்தச் சிறு உயிரின் முடிவு ஒன்றைத் தெளிவாக்கியது: அறுவை வெற்றி என்று அறிவித்த நாளோடு வேலை முடிவதில்லை.

சரிசெய்த பிறகு

இந்த மாற்றுவழி, குறையை முழுவதுமாக நீக்குவதன்று. ஓட்டை அப்படியே இருக்கும், குறுக்கமும் இருக்கும். நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் கிடைக்கும், அவ்வளவே. எனவே அறுவைக்குப் பின் குழந்தையைத் தொடர்ந்து கவனித்தார்கள். எவ்வளவு தூரம் நடக்கிறது, குந்தி உட்காருவது நின்றதா, ஆக்சிஜன் பற்றாக்குறையை ஈடுகட்டப் பெருகியிருந்த சிவப்பணுக்கள் குறைந்தனவா, இணைப்பு திறந்திருப்பதைக் காட்டும் இடைவிடாத இரைச்சல் மார்பில் கேட்கிறதா என்று பார்த்தார்கள். இணைப்பு சிறுத்தால் நீலம் திரும்பும். அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் நுரையீரலில் இரத்தம் பெருகி, இடது கீழறை சுமை தாங்காமல் தளரும். டௌசிக் தம் நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார். குழந்தைகளாக வந்தவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி எப்படி இருக்கிறார்கள் என்று 1970களிலும் எழுதிக்கொண்டிருந்தார்.

1954இல் மினசோட்டாவில் வால்ட்டன் லில்லஹை, இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைத்துக் குறுக்கத்தை அகற்றும் முழுச் சீரமைப்பை முதன்முதலாகச் செய்தார். இனி எல்லாம் சரி என்று பலர் நம்பினார்கள். ஆனால் குறுக்கத்தை அகற்றும்போது நுரையீரல் வால்வு பெரும்பாலும் பழுதுபடும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் வலது கீழறைக்குத் திரும்பி வழியும். ஆண்டுகள் செல்லச்செல்ல அந்த அறை விரிவடையும். இருபது, முப்பது வயதிலும் நோயாளி எந்தத் தொல்லையையும் உணராமல் இருக்கலாம். உள்ளே இதயம் தளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே இன்று பல அளவைகள் சேர்ந்து பயன்படுகின்றன. எக்கோ பரிசோதனை வால்வின் கசிவையும் அறைகளின் இயக்கத்தையும் காட்டும். வலது கீழறை பிறை வடிவில் மார்பெலும்புக்குப் பின்னால் அமைந்திருப்பதால், அதன் கொள்ளளவை எக்கோவில் துல்லியமாகக் கணக்கிடுவது கடினம், அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். இ.சி.ஜி.யில் கீழறைகளுக்கான மின்னலை 180 மில்லி நொடியோ அதற்கு மேலோ நீண்டால், ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம் என்று 1990களில் கண்டறிந்தார்கள். ஓடுபொறியில் நடக்கவைத்து, உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்றும் பார்க்கிறார்கள்.

கடைசியாகச் சொன்ன சோதனைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பிறவியிலிருந்தே குறைந்த மூச்சோடு வாழ்ந்தவர், தம்மால் முடிவதே இயல்பு என்று எண்ணிக்கொள்வார். நலமாக இருக்கிறேன் என்று அவர் மனமறிந்து பொய் சொல்வதில்லை. ஒப்பிட வேறொரு வாழ்க்கை அவரிடம் இல்லை. ஒடுக்குமுறைக்குள் பிறந்து வளர்ந்தவர்களிடம் குறையேதும் உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்ற பதிலை அறிக்கையாக்கும் ஆணையங்களை நாம் பார்த்திருக்கிறோம். கேட்பது மட்டும் அளவை ஆகாது.

பெயரும் பட்டமும்

நீலக் குழந்தைகள் பற்றிய செய்தி உலகெங்கும் பேசப்பட்ட ஆண்டுகளில், தாமஸ் மாலைநேரங்களில் கூடுதல் வருமானத்துக்காக வேறு வேலைகள் பார்த்தார். பிளேலாக்கின் இல்ல விருந்துகளில் மது பரிமாறுவதும் அவற்றுள் ஒன்று. பகலில் அவரிடம் அறுவை கற்ற இளம் மருத்துவர்களுக்கு மாலையில் அவரே கோப்பையை நீட்டினார். தச்சுவேலைக்கே திரும்பிவிடுவது பற்றி அவர் எண்ணிய காலமும் உண்டு. பின்னரே ஊதியம் கணிசமாக உயர்ந்தது.

படிப்பாசை விடவில்லை. 1947இல் பால்டிமோரின் மார்கன் கல்லூரியில் சேர முயன்றார். அவருடைய அனுபவத்துக்கு எந்த மதிப்பெண்ணும் தர இயலாது, முதலாண்டிலிருந்தே தொடங்கவேண்டும் என்று தெரிந்தது. மருத்துவப் படிப்பை முடிக்கும்போது வயது ஐம்பதாகிவிடும் என்று கணக்கிட்டு, அந்தக் கனவை மூடிவைத்தார்.

இந்த இடத்தில் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பட்டமே இல்லாமல் சாதித்தார் என்று தாமசைப் புகழ்வது எளிது. அது நம்மை ஏமாற்றும் புகழ்ச்சி. அவர் பட்டத்தை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. பட்டம் அவருக்கு எட்டாமல் வைக்கப்பட்டது. இடஒதுக்கீட்டைப் பழிப்பவர்கள் எப்போதும் தூக்கிப்பிடிக்கும் சொல் தகுதி. தாமசிடம் பயின்று சென்ற டென்டன் கூலி முதலியோர் உலகப்புகழ் பெற்ற இதய அறுவை நிபுணர்களானார்கள். கற்றவர்களிடம் தகுதி இருந்ததென்றால், கற்பித்தவரிடம் அது எப்படி இல்லாமற்போகும்? தகுதி அங்கே இருந்தது. அதைப் பதிவு செய்யும் ஏடுதான் அவருக்கு மூடப்பட்டிருந்தது.

1964இல் பிளேலாக் இறந்தார். 1971இல், தாமசிடம் பயின்ற மருத்துவர்கள் சேர்ந்து வரைவித்த அவருடைய உருவப்படம் ஹாப்கின்சுக்கு வழங்கப்பட்டது. பிளேலாக்கின் படத்தருகே அது இடம்பெற்றது. 1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அது மருத்துவத்துக்கான பட்டம் அன்று, சட்டத்துக்கானது. சட்டம் படித்தவர்களாகிய நாம் இதைப் படிக்கையில் சற்றுத் தயங்கி நிற்கிறோம். வாழ்நாளெல்லாம் இதயத்தைத் தைத்தவருக்குச் சட்டப் பட்டம் கொடுத்து மரியாதை செய்தது அந்த நிறுவனம். எனினும் அறுவைத் துறையின் ஆசிரியராகவும் அவரை நியமித்தது. 1979இல் ஓய்வு பெற்றார். தம் வரலாற்றைத் தாமே எழுதினார். 1985 நவம்பர் 26 அன்று மறைந்தார். சில நாட்களில் அந்நூல் வெளிவந்தது.

இன்று ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியின் மாணவர் பிரிவுகளுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. இன்னொன்று டௌசிக்கின் பெயரை. பிளேலாக்-டௌசிக் என்று அறியப்பட்ட அறுவையை, பிளேலாக்-தாமஸ்-டௌசிக் என்று எழுதும் மருத்துவர்கள் பெருகிவருகிறார்கள்.

அளவுகோலையும் அளக்கவேண்டும்

இத்தோடு கதை நல்லபடி முடிந்தது என்று சொல்ல நமக்கு மனமில்லை. தாமஸ் ஊசியால் குத்தி எடுத்த இரத்தத்தில் அளந்ததை, இன்று விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நொடிகளில் காட்டுகிறது. கொரோனா காலத்தில் அதை நம்மில் பலர் வீட்டிலேயே வைத்திருந்தோம். தோலினூடே ஒளியைச் செலுத்தி ஆக்சிஜனைக் கணிக்கும் கருவி அது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கருவி ஆக்சிஜன் போதும் என்று காட்டியும் உண்மையில் இரத்தத்தில் ஆபத்தான அளவு குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததாகக் காட்டியது. நிறத்தால் ஒதுக்கப்பட்ட ஒருவர் தொடங்கிவைத்த அளவையின் வழித்தோன்றல், கறுத்த தோலின் முன் பிழை செய்கிறது.

இது நம்மையும் தொடுகிறது. நம் மண்ணின் குழந்தைகள் பலரும் கறுத்தவர்கள். கறுத்த குழந்தையின் நீலம், தோலைப் பார்த்தால் எளிதில் தெரியாது. நாக்கையும் வாயின் உட்புறத்தையும் பார்க்கவேண்டும். இதய அறுவை முடிந்து வீடு திரும்பிய குழந்தை வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருந்தால், ஓடி விளையாடுகிறதே என்று மறுபரிசோதனையைக் கைவிட விடக்கூடாது. அறுவை இலவசமாகக் கிடைத்தது என்பதோடு உரிமை நிறைவு பெறுவதில்லை. பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலி இழப்பும் தடுக்காமல், ஆண்டுதோறும் எக்கோ எடுக்க முடிவதே முழு உரிமை.

நீதிமன்றத்தில் நிற்கும் நமக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வகுத்தபோது, சட்டம் இயங்குகிறதா என்று பார்க்க மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். தையல் போட்டவர்கள் மறுபரிசோதனைக்கும் நாள் குறித்தார்கள். நம் மாவட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, கூட்டக் குறிப்பில் என்ன எழுதினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பது இதை வாசிக்கும் எந்த மாணவராலும் முடியும். விவியன் தாமஸ் வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் இடையே ஓடியது, சரிசெய்தோம் என்ற சொல்லை நம்பாமல் அளந்து பார்ப்பதற்காகத்தான்.